சோழிங்கநல்லூரில் ஓர் ஓட்டின் எடை

2021 சட்டமன்றத் தேர்தலில் சோழிங்கநல்லூர் தொகுதியில் தோற்றுப்போன அ.தி.மு.க. வேட்பாளர் கே.பி. கந்தன் வாங்கிய ஓட்டு ஏறத்தாழ 1 லட்சத்து 36 ஆயிரம். அதே தேர்தலில், அதே சென்னைப் பெருநகரத்தின் துறைமுகம் தொகுதியில் வென்று பிறகு அமைச்சரும் ஆன தி.மு.க.வின் பி.கே. சேகர்பாபு வாங்கியது ஏறத்தாழ 59 ஆயிரம். தோற்றவருக்கு விழுந்தது, வென்றவருக்கு விழுந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சோழிங்கநல்லூரில் வென்ற எஸ். அரவிந்த் ரமேஷுக்குக் கிடைத்தது 1 லட்சத்து 71 ஆயிரத்துச் சொச்சம். அந்தச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா ஓட்டெடுப்புக்கு வந்தால் அவருக்கும் ஓர் ஓட்டு, சேகர்பாபுவுக்கும் ஓர் ஓட்டு. இதற்காக இவர்களில் யாரையும் குறை சொல்ல முடியாது. அவரவர் தொகுதியில் போட்டியிட்டார்கள். தொகுதியின் எல்லையை அவர்கள் வரையவில்லை.

அந்தத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் சோழிங்கநல்லூரில் இருந்த பெயர்கள் சுமார் 6.9 லட்சம், தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய தொகுதி அதுதான். மிகச் சிறியது துறைமுகம், சுமார் 1.76 லட்சம். மாநிலத்தின் மொத்த வாக்காளர்களை 234 தொகுதிகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒரு தொகுதிக்கு 2.7 லட்சம் வரும். அப்படியானால் சோழிங்கநல்லூர் தொகுதியின் மேடவாக்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவரின் ஓட்டு, துறைமுகம் தொகுதியின் மண்ணடியில் குடியிருப்பவரின் ஓட்டில் ஏறக்குறைய கால் பங்குதான் பெறும். இரண்டும் ஒரே பெருநகரம். இரண்டு இடத்துக்கும் ஒரே மாநகரப் பேருந்துக் கழகம்தான் வண்டி விடுகிறது. நகரம் வளர்ந்தால் ஓரங்கள் பெருக்கத்தான் செய்யும், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று பலரும் இதைக் கடந்து போகிறார்கள். ஆனால் சோழிங்கநல்லூர் தானாக வீங்கிய தொகுதி இல்லை. அரசே திட்டமிட்டு ஆட்களையும் வேலைகளையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்களுக்கான பிரதிநிதித்துவத்தை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டது.

எல்லை வரைந்தவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். ஒரு மாநிலத்துக்குள் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் மக்கள்தொகைக்கும் இடத்துக்கும் உள்ள விகிதம் இயன்றவரை ஒரே அளவாக இருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 170ஆவது பிரிவு. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த மறுவரையறை ஆணையம் அந்த விதியை வைத்துத்தான் வேலை செய்தது. அதன் கையில் இருந்தது 2001 மக்கள்தொகைக் கணக்கு. மாவட்டத்தை ஓர் அலகாக எடுத்துக்கொண்டு, 43 லட்சம் பேர் இருந்த சென்னைக்கு 16 தொகுதிகள், 29 லட்சத்தை நெருங்கியிருந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 11 தொகுதிகள் என்று பிரித்தது. வகுத்துப் பார்த்தால் சென்னையில் தொகுதிக்கு 2.7 லட்சம் பேர், காஞ்சிபுரத்தில் 2.6 லட்சம் பேர், மாநிலச் சராசரியும் 2.67 லட்சம். காகிதத்தில் இதைவிடச் சமமாகப் பங்கிட முடியாது.

ஆனால் கணக்கு 2001ஆம் ஆண்டினுடையது. ஆணை நடைமுறைக்கு வந்தது 2008இல். அந்த எல்லைகளில் முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது 2011இல். தொகுதி பிறக்கும்போதே அதன் கணக்குக்குப் பத்து வயது. அந்தப் பத்தாண்டில் பழைய சென்னை மாவட்டம் வளர்ந்தது 7 சதவீதம். காஞ்சிபுரம் மாவட்டமோ கிட்டத்தட்ட 39 சதவீதம் வளர்ந்து 40 லட்சத்தைத் தொட்டுவிட்டது. ஆக, முதல் தேர்தலுக்கு முன்பே சமன்பாடு குலைந்துபோயிருந்தது. இதுவும் முதன்முறை நடந்த விபத்தில்லை. 2008க்கு முன்னால் வில்லிவாக்கமும் தாம்பரமும் இதே மாதிரி வீங்கிக் கிடந்தன. அவற்றைப் பிரித்துப் புதிய தொகுதிகள் வந்தன. அப்படித் தாம்பரத்திலிருந்து பிறந்த தொகுதிகளில் ஒன்றுதான் சோழிங்கநல்லூர். பழைய வீக்கத்தை ஆற்றுவதற்காகப் பிறந்த தொகுதியே மாநிலத்தின் மிகப் பெரிய வீக்கமாக மாறியிருக்கிறது. எல்லையை வரைந்துவிட்டு, அடுத்த கால் நூற்றாண்டுக்கு அதைத் தொடக்கூடாது என்று பூட்டிவைத்ததன் விளைவு இது. அந்தப் பூட்டைப் பற்றிப் பிறகு.

சோழிங்கநல்லூர் எப்படி இத்தனை பெரிதானது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 2001இல் கணக்கெடுப்பவர்கள் வந்தபோது தொரைப்பாக்கம், காரப்பாக்கம், செம்மஞ்சேரி, மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் எல்லாம் ஊராட்சிகள். ஏரியும் கழனியும் தென்னந்தோப்பும் இன்னும் முழுதாக மறையாத காலம். பழைய மகாபலிபுரம் சாலையைத் தகவல் தொழில்நுட்பச் சாலையாக்குவது அரசின் முடிவு. தரமணியில் டைடல் பூங்கா 2000இல் திறந்தது. சாலை ஆறு வழியானது, ராஜீவ் காந்தி சாலை என்று பெயரும் மாறியது. சோழிங்கநல்லூரிலேயே அரசு நிறுவனமான எல்காட்டின் சிறப்புப் பொருளாதார மண்டலம் எழுந்தது. வேலை வந்த இடத்துக்கு ஆட்கள் வந்தார்கள், ஆட்கள் வந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்கள்கூடத் தப்பவில்லை. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து, சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளை விழுங்கியபோது இந்தப் பகுதியின் பெரும்பங்கு மாநகராட்சிக்குள் வந்தது. மாநகராட்சி எல்லை மாறியது, பிறகு மாவட்ட எல்லைகள் மாறின, செங்கல்பட்டு என்று புது மாவட்டமே 2019இல் பிறந்தது. மாறாதது சட்டமன்றத் தொகுதியின் எல்லை ஒன்றுதான்.

மென்பொருள் ஊழியர்கள் தாங்களே விரும்பி வந்தவர்கள். அப்படி வராதவர்களும் இந்தத் தொகுதியில் ஏராளம். கண்ணகி நகரில் குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடுகள் 15 ஆயிரத்துக்கு மேல். செம்மஞ்சேரியில் 6 ஆயிரத்துக்கு மேல். பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கு மேல். மூன்றும் சோழிங்கநல்லூர் தொகுதிக்குள் வருகின்றன. இந்த வீடுகளுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும், கால்வாயோரங்களிலிருந்தும், சுனாமியில் வீடிழந்த கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளைக் காலி செய்யும் வேலை வேகமெடுத்தது. தீவுத்திடலுக்கு அருகே இருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றும் வேலை 2019 இறுதியில் தொடங்கியது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தவர்கள் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிப்போனார்கள். வீட்டு வேலை போனதையும், பிள்ளைகளின் பள்ளி மாறியதையும், பேருந்துக்கு ஆகும் செலவையும் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்று உண்டு. நடுச் சென்னையின் சிறிய தொகுதிகளில் இருந்தவரை இவர்களின் ஓட்டைத் தேடிக் கட்சிக்காரர்கள் வந்தாக வேண்டியிருந்தது. ஒரு கரையோரக் குடியிருப்பு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தால் தேர்தல் முடிவு மாறக்கூடும். சோழிங்கநல்லூரின் ஏழு லட்சத்தில் அதே ஆட்கள் கரைந்துபோனார்கள்.

இதில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் தலித் மக்கள் கணிசமானவர்கள். கூவம் வளைந்து செல்லும் எழும்பூர் ஒரு தனித்தொகுதி. சென்னை மாவட்டத்துக்கு ஆணையம் ஒதுக்கிய 16இல் எழும்பூரும் திரு.வி.க. நகரும் மட்டுமே தனி. ஒரு பகுதியில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதை வைத்துத் தனித்தொகுதிகளைத் தீர்மானித்தது 2001 கணக்கு. அதன் பிறகு அந்த மக்களில் ஒரு பகுதியினரை அரசே வண்டி ஏற்றிப் பொதுத் தொகுதிக்கு அனுப்பிவிட்டது. தனித்தொகுதி என்ற ஏற்பாட்டின் நோக்கமே அவர்கள் கூடி வாழும் இடத்தில் அவர்களின் குரல் சபைக்குப் போக வேண்டும் என்பதுதான். மறுகுடியமர்வுத் திட்டம் தீட்டிய கோப்புகளில் இந்த விளைவுக்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தால் அது வியப்புக்குரியது.

மறுகோடியில் துறைமுகம். ஜார்ஜ் டவுன், பாரிமுனை, சௌகார்பேட்டை, மண்ணடி எல்லாம் சேர்ந்த இந்தத் தொகுதி சென்னையின் பழைய மடி. கடைக்கும் கிடங்குக்கும் வாடகை அதிகம் கிடைப்பதால் குடியிருப்பு வீடுகள் ஒவ்வொன்றாக மாடிவரை சரக்கு அறைகளாகின்றன. அடுத்த தலைமுறை புறநகருக்குப் போய்விடுகிறது. ஆனால் இந்தச் சிறு தொகுதிக்கு அரசியலில் உள்ள மரியாதை பெரிது. 1989இல் இங்கிருந்துதான் கருணாநிதி சட்டமன்றம் போனார். ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் வந்த 1991 அலையில் தி.மு.க. வென்ற இரண்டே இடங்களில் ஒன்று துறைமுகம், மற்றது எழும்பூர். பேராசிரியர் அன்பழகன் இங்கே தொடர்ந்து வென்றார், சில முறை சில நூறு ஓட்டு வித்தியாசத்தில். 2011இல் எழுத்தாளர் பழ. கருப்பையா அ.தி.மு.க. சார்பில் வென்றார். முதல்வர்களும் அமைச்சர்களும் நிற்கும் தொகுதி, சில நூறு ஓட்டில் முடிவு திரும்பும் தொகுதி என்றால் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு விலை உண்டு. எந்தச் சங்கத்தின் தலைவர் யார், எந்தப் பள்ளிவாசலின் முத்தவல்லி யார், எந்தச் சந்தில் குழாய் உடைந்திருக்கிறது என்று கட்சிக்காரர்களுக்கு மனப்பாடம். 1.76 லட்சம் பேரை அப்படித் தெரிந்துவைத்திருப்பது நடக்கிற காரியம். ஏழு லட்சம் பேரை யாராலும் அப்படித் தெரிந்துவைத்திருக்க முடியாது, எவ்வளவு நல்ல எம்.எல்.ஏ.வாக இருந்தாலும்.

பணத்திலும் இதைப் பார்க்கலாம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எல்லாத் தொகுதிக்கும் ஒரே தொகை. 2021 பட்டியலால் வகுத்தால் துறைமுகத்தில் ஒரு வாக்காளருக்கு 170 ரூபாய். சோழிங்கநல்லூரில் 43 ரூபாய். தேவையோ தலைகீழ். துறைமுகத்தில் கழிவுநீர்க் குழாய் பழையது, அடைத்துக்கொள்ளும். ஆனால் குழாய் என்று ஒன்று இருக்கிறது. சோழிங்கநல்லூரின் பல பகுதிகளில் பாதாளச் சாக்கடையையும் மழைநீர் வடிகாலையும் இனிமேல்தான் முழுமையாக்க வேண்டும். நிர்வாகச் சிக்கலும் அங்கேதான் அதிகம். தொகுதியின் ஒரு பகுதி மாநகராட்சியின் பெருங்குடி, சோழிங்கநல்லூர் மண்டலங்களில். மேடவாக்கம், பெரும்பாக்கம், கோவிலம்பாக்கம் போன்றவை இன்றும் புனித தோமையார்மலை ஒன்றியத்தின் ஊராட்சிகள். தேர்தல் கணக்கில் தொகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது, மக்களவைக்குத் தென்சென்னை. 2015இலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் நீரில் நின்ற செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளின் மழைநீர், சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். அந்த வழியில் ஊராட்சி, மாநகராட்சி, நீர்வளத்துறை, வனத்துறை என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொருவர் பொறுப்பு. எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடிய மக்கள் பிரதிநிதி எம்.எல்.ஏ. ஒருவர்தான். அந்த ஒருவருக்குத்தான் மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு ஆட்கள்.

சாக்கடையும் வடிகாலும் எம்.எல்.ஏ.வின் வேலையா என்று இங்கே ஒரு மறுப்பு வரும். சட்டம் இயற்றுவதுதான் அவர் வேலை, தெருவிளக்குக்குக் கவுன்சிலர் இருக்கிறார், ஆகவே தொகுதி பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை என்பார்கள். பாடப்புத்தகத்தின்படி இது சரி. சென்னை மாநகராட்சிக்கு 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை கவுன்சிலரே கிடையாது என்பதும் உண்மை. ஐந்து ஆண்டுக்கு மேல் அந்த நகரத்து மனிதருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று பக்கத்தில் இருந்தவர் எம்.எல்.ஏ. மட்டுமே. அதை விடுங்கள், சட்டம் இயற்றும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் குறை தீரவில்லை. வாடகைச் சட்டமும் நகரமைப்புச் சட்டமும் சபையில்தான் முடிவாகின்றன. அங்கே கை தூக்கும்போது வாடகைக்காரர்களும் புதுக்குடியேறிகளும் நிறைந்த தொகுதிக்குக் கால் பங்கு எடை என்றால், சட்டத்தின் சாய்வும் அதற்கேற்ப இருப்பதில் வியப்பில்லை.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கோபமானது. தகவல் தொழில்நுட்பச் சாலைக்காரர்கள் ஓட்டுப் போடவே வருவதில்லை, தேர்தல் விடுமுறையில் ஊருக்குப் போய்விடுகிறார்கள், போடாத ஓட்டுக்கு எடை எதற்கு என்பார்கள். 2021இல் மாநிலத்தில் ஏறத்தாழ 73 சதவீதம் ஓட்டுப் பதிவானபோது சோழிங்கநல்லூரில் 56 சதவீதத்தைச் சுற்றித்தான் பதிவானது, உண்மை. ஆனால் துறைமுகமும் அறுபதைத் தொடவில்லை. சென்னை மாவட்டம் முழுவதுக்குமே 59 சதவீதம்தான். விழுந்த ஓட்டை மட்டும் எண்ணினாலும் சோழிங்கநல்லூரில் சுமார் 3.87 லட்சம், துறைமுகத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அதாவது பட்டியலை மறந்துவிட்டு, வெயிலில் வரிசையில் நின்றவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இடைவெளி ஏறக்குறைய அதே நாலு மடங்கு. சோழிங்கநல்லூரில் வரிசையில் நின்றவர்கள் மட்டுமே துறைமுகத்தின் மொத்தப் பட்டியலைப் போல இரு மடங்குக்கு மேல். சோம்பேறித்தனம் பற்றிய வாதம் இந்தக் கணக்கில் நிற்கவில்லை.

பட்டியலே பொய் என்ற வாதம் இதைவிடக் கனமானது. வீடு மாறியவர்களின் பெயர் பழைய முகவரியிலும் புதிய முகவரியிலும் இருக்கும். இறந்தவர் பெயர் நீங்காது. அதனால் புறநகர்ப் பட்டியல் ஊதிப்போயிருக்கிறது என்பார்கள். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கின. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். பட்டியல்களில் பழுது நிறைய இருந்தது என்பதை இது காட்டுகிறது. நீக்கியதில் எத்தனை சரி, எத்தனை தவறு என்பது தனி விவாதம். நம் கேள்விக்கு அதனால் பாதிப்பு அதிகமில்லை. பழைய முகவரிப் பெயர்கள் துறைமுகத்திலும்தான் இருந்தன, அதுவும் ஆட்கள் வெளியேறும் தொகுதி என்பதால். மேலும் அரசியல் சட்டம் தொகுதியை அளக்கச் சொல்வது வாக்காளர் பட்டியலை வைத்து அன்று, மக்கள்தொகையை வைத்து. வாடகை ஒப்பந்தம் கைக்கு வராததால் பட்டியலில் ஏறாதவரும், வயது வராத பிள்ளையும், இன்னும் சொந்த ஊரிலேயே ஓட்டு வைத்திருப்பவரும் அந்தக் கணக்கில் சேருவார்கள். அப்படி எண்ணினால் சோழிங்கநல்லூரின் பாரம் கூடுமே தவிரக் குறையாது.

துறைமுகத்துக்குத் தினமும் வந்துபோகும் கூட்டத்தைச் சொல்பவர்களும் உண்டு. உயர் நீதிமன்றம், மொத்த வியாபாரச் சந்தைகள், துறைமுகம், வங்கிகள் எல்லாம் அங்கே. குடியிருப்பவர் குறைவானாலும் சுமை பெரிது. நியாயம்தான். அந்தச் சுமைக்குக் குப்பை லாரியும் கழிப்பறையும் போக்குவரத்துக் காவலரும் கூடுதலாக வேண்டும். அதற்கெல்லாம் மாநகராட்சி நிதி ஒதுக்கட்டும். பகலில் அங்கே மூட்டை தூக்குபவர் ஓட்டுப் போடுவது தன் வீடு இருக்கும் இடத்தில். அவருக்குச் சேர வேண்டிய பிரதிநிதித்துவம் அங்கேதான் சேர வேண்டும்.

இவற்றைவிடக் கனமான மறுப்பு சென்னைக்கு வெளியிலிருந்து வருகிறது. 2025 ஜனவரிப் பட்டியலில் மிகச் சிறிய தொகுதி என்ற பெயர் துறைமுகத்தை விட்டு நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வேளூருக்குப் போய்விட்டது. அங்கேயும் சுமார் 1.76 லட்சம் பேர்தான். மக்கள்தொகைப்படி எல்லையை மாற்றினால் இடம் பெறுவது சென்னைப் புறநகர், இழப்பது டெல்டா. ஏற்கெனவே தலைநகரத்தையே பார்க்கும் அரசாங்கம் இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். அதோடு, மக்கள்தொகை பெருத்த வட மாநிலங்களுக்கு மக்களவை இடங்களைக் கூட்டித் தராதே என்று வாதாடுகிற தமிழ்நாடு, தன் வீட்டுக்குள் மட்டும் தலைக்கணக்குப் பார்க்கலாமா? கேள்வி கூர்மையானது, தமிழ்நாட்டுக் கட்சிகள் சோழிங்கநல்லூரைப் பற்றி வாய் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் இரண்டு வழக்கும் ஒன்றில்லை. மாநிலங்களுக்கிடையே இடங்களை 1976இல் உறையவைத்ததன் காரணம், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குத் தண்டனை கிடைக்கக் கூடாது என்பது. சோழிங்கநல்லூர் பிள்ளை பெற்றுப் பெருத்த தொகுதி இல்லை. கீழ்வேளூரில் பிறந்து, விவசாயம் கைகொடுக்காமல் மேடவாக்கத்துக்கு வேலைக்கு வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒருவர்தான்; பேருந்து ஏறியதற்குத் தண்டனையாக அவர் ஓட்டின் எடை கால் பங்காகச் சுருங்குகிறது. டெல்டாவின் குரலைக் காக்கிறோம் என்ற பெயரில் டெல்டாவிலிருந்து வந்தவரையே வாயடைக்கிறோம். இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. மாநிலங்கள் ஒரு கூட்டாட்சியின் உறுப்புகள். அவற்றுக்குத் தனி மொழி, தனி அரசு, தனி நலன் உண்டு. துறைமுகம், சோழிங்கநல்லூர், கீழ்வேளூர் மூன்றும் ஒரே அரசின் கீழ் வரையப்பட்ட கோடுகள்.

எல்லைக் கோட்டையும் இட எண்ணிக்கையையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு வெளியே முன்னுதாரணம் தேட வேண்டாம். 2001இல் வந்த 84ஆவது திருத்தம் மாநிலங்களின் இட எண்ணிக்கையை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை பூட்டியது. 2003இல் வந்த 87ஆவது திருத்தம், மாநிலத்துக்குள் எல்லையை மட்டும் 2001 கணக்குப்படி மாற்ற இடம் தந்தது. தமிழ்நாட்டுக்கு 234, மக்களவைக்கு 39 என்பது மாறாமலேயே 2008இல் எல்லைகள் மாறின, டெல்லியில் யாருக்கும் ஓர் இடம் கூடவில்லை, குறையவில்லை. இதே திருத்தங்கள்தான் உள் எல்லையையும் அடுத்த கணக்கெடுப்பு வரை தொடக்கூடாது என்று சேர்த்துப் பூட்டின. 2025 மார்ச் மாதம் சென்னையில் கூடிய மாநிலங்களின் கூட்டு நடவடிக்கைக் குழு, மக்களவை இடங்களின் உறைவை இன்னும் 25 ஆண்டுகள் நீட்டிக்கக் கேட்டது. கேட்டதில் நியாயம் உண்டு. அந்தப் பூட்டோடு உள் எல்லைகளையும் சேர்த்து 25 ஆண்டு பூட்டினால், சோழிங்கநல்லூருக்கும் துறைமுகத்துக்கும் உள்ள இடைவெளி எங்கே போய் நிற்கும் என்பதையும் அந்த மேசையில் பேச வேண்டும். பிரிட்டனில் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லைகளைப் பார்க்கிறார்கள். ஒருசில தீவுத் தொகுதிகள் தவிர மற்றவை சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அமெரிக்காவில் 1964இல் உச்ச நீதிமன்றம் மாநிலச் சபைகளின் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருந்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பத்தாண்டுக் கணக்கெடுப்பு முடிந்ததும் எல்லைகள் மாறுகின்றன. அங்கே கட்சிகள் எல்லையைத் தங்களுக்கு வசதியாக வளைக்கும் கேடு வேறு இருக்கிறது. நம் நாட்டில் தனி ஆணையம் வரைவதால் அந்தக் கேடு குறைவு. கோடு பழசாகிப்போவதே நம் கேடு.

டெல்டாவின் பயத்துக்கு வழி இல்லாமலும் இல்லை. 1952இல் ஆந்திரப் பகுதிகளையும் சேர்த்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 375 இடங்கள் இருந்தன. இன்றைய 234 என்பது 1967இலிருந்து வரும் எண். அப்போது ஏறத்தாழ 4 கோடியாக இருந்த மாநிலம் 2011 கணக்கிலேயே 7.2 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு சட்டமன்றத்துக்கு 500 இடங்கள் வரை அரசியல் சட்டம் அனுமதிக்கிறது. சட்டமன்ற இடங்களைக் கூட்டினால் வேறு மாநிலத்தின் பங்கு எதுவும் குறையப்போவதில்லை. கீழ்வேளூரைத் தொடாமலே சோழிங்கநல்லூரை இரண்டாகவோ மூன்றாகவோ பிரிக்கலாம். அதற்கும் அந்தப் பூட்டு திறக்க வேண்டும், நாடாளுமன்றம் திருத்த வேண்டும். அறிவிக்கப்பட்டுள்ள 2027 கணக்கெடுப்பில் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகள் எண்ணப்பட்டு, ஆணையம் அமைந்து, எல்லை வரைந்து முடிக்கச் சில ஆண்டுகளாவது பிடிக்கும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று கோட்டையிலேயே இருக்கிறது. தொகுதிக்கு 3 கோடி என்ற நிதியைத் தலைக்கு இவ்வளவு என்று மாற்றுவதற்குக் கணக்கெடுப்பும் வேண்டாம், டெல்லியின் சம்மதமும் வேண்டாம். தொகையைக் கூட்டியபோதெல்லாம் அரசாணைதான் போட்டார்கள். சிறிய தொகுதிக்காரர் யாருக்கும் குறைக்காமல், சராசரியைத் தாண்டிய தொகுதிகளுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தால்கூடப் போதும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் சோழிங்கநல்லூரின் எம்.எல்.ஏ. சபையில் எழுந்து இதை ஒரு கோரிக்கையாக வைக்கலாம். தாம்பரமும் மாதவரமும் மதுரவாயலும் அவரோடு சேர்ந்துகொள்ள எல்லாக் காரணமும் இருக்கிறது.